நாற்காலிக்குப் பின்னால் யார்?

விளாங்குடியில் திண்டுக்கல் ரோட்டை ஒட்டிய ஒரு மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடுவோம். படிப்பு வட்டம் என்று பெயர். கல்லூரி மாணவர்கள், மாநகராட்சியில் ஒப்பந்த வேலை பார்ப்பவர்கள், பரவை மார்க்கெட்டில் மூட்டை இறக்குபவர்கள் என்று பத்துப் பதினைந்து பேர் வருவார்கள். ஒருநாள் தங்கச்சி ஒருவர் தாமதமாக வந்தார்.

"என்னம்மா, இவ்வளவு நேரம்?"

"ரெண்டு நாள் டிரெய்னிங்குண்ணே. கம்பெனியில அனுப்பிவிட்டாக. லீடர்ஷிப்பாம்."

தனியார் நிறுவனம் ஒன்றில் சாதாரண வேலையில் சேர்ந்து, ஆறு வருசம் உழைத்து, சமீபத்தில் சூப்பர்வைசர் ஆனவர் அவர். கீழே இருபத்திரண்டு பேர். அவருடைய தெருவில் நாலு பேரை வேலை வாங்கும் இடத்துக்குப் போன முதல் ஆள் அவர்தான். பயிற்சியில் கொடுத்த நோட்டைக் காட்டினார். மூன்று பாடங்கள் கொட்டை எழுத்தில் இருந்தன. உனக்குக் கீழே வேலை செய்பவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடு. எப்போதும் சிரித்த முகமாய் இரு. எதையும் பர்சனலாக எடுத்துக்கொள்ளாதே.

கடைசியில் சந்தேகம் கேட்கச் சொன்னார்களாம். இவர் எழுந்து கேட்டிருக்கிறார்: "சார், எனக்குக் கீழ வேலை பாக்குற அக்கா ஒருத்தங்க, நான் தண்ணி பிடிச்ச கேன்ல தண்ணி பிடிக்க மாட்டேங்குறாங்க. நான் சொல்ற வேலையை இன்னொருத்தங்க வாயால சொன்னாத்தான் செய்யுறாங்க. இதுக்கு என்ன டெக்னிக் சார்?"

பயிற்சியாளர் சொன்ன பதில்: "அதையெல்லாம் வேலை பாக்குற இடத்துக்குக் கொண்டுவராதீங்கம்மா. பாசிட்டிவா இருங்க." எல்லோரும் கைதட்டினார்களாம்.

கொண்டுவந்தது யார்? தண்ணிக் கேனுக்குச் சாதி வைத்தவர் கொண்டுவரவில்லையாம். அதைப் பற்றிக் கேள்வி கேட்டவர் கொண்டுவந்துவிட்டாராம். இந்த நாட்டில் சாதியைப் பற்றிய பேச்சு முழுக்க இந்த ஒரு தந்திரத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

நமது வட்டத்தில் இருந்த தோழர் ஒருவர் கோபப்பட்டார். "இதெல்லாம் கார்ப்பரேட் சரக்கு. தூக்கிப் போடு தங்கச்சி" என்றார். அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "சரிண்ணே, தூக்கிப் போட்டுர்றேன். திங்கக்கிழமை காலையில எட்டரை மணிக்கு நான் என்ன செய்யணும்? அதைச் சொல்லுங்க."

எங்களில் ஒருவருக்கும் பதில் வரவில்லை. கார்ல் மார்க்ஸிலிருந்து பூலே வரை பேசுகிறவர்கள் வாயடைத்து உட்கார்ந்திருந்தோம். அந்தக் கேள்விக்குத் தாமதமாகச் சொல்லும் பதில்தான் இந்தக் கட்டுரை.

பெயர் சொல்லிக் கூப்பிடுவது

முதல் பாடத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவரின் பெயரை நினைவில் வைத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவர் உனக்கு வசப்படுவார் என்பது 1936-ல் அமெரிக்காவில் டேல் கார்னகி எழுதிய புத்தகத்தின் புகழ்பெற்ற யோசனை. அன்றிலிருந்து இன்றுவரை ஆயிரம் பயிற்சி வகுப்புகளில் இதையே அரைத்துக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்க விற்பனைப் பிரதிநிதிக்கு அது பயன்பட்டிருக்கலாம். நமது மண்ணில் பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்கு வேறு வரலாறு இருக்கிறது.

எழுபது வயது தாத்தாவை ஊர்த்தெருவின் ஏழு வயதுப் பொடியன் பேர் சொல்லி, "டேய்" போட்டுக் கூப்பிடுவான். தாத்தா துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு "சொல்லுங்க சின்னய்யா" என்பார். இதைக் கண்ணால் பார்த்தவர்கள் நம்மில் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். தமிழில் ஆளுக்கு ஆள் வைக்கும் மரியாதை பெயரில் இல்லை, முறையில் இருக்கிறது. அண்ணன், அக்கா, மாமா, ஐயா என்று வாய்நிறையக் கூப்பிடுகிற சமூகம், சேரிக்காரனைக் கண்டால் மட்டும் முறை மறந்து பெயருக்குத் தாவும். சில சமயம் பெயர்கூடக் கிடையாது, "இந்தா" என்பதோடு சரி.

அந்தத் தங்கச்சியின் பிரிவிலும் இதுதான் நடக்கிறது. முந்தைய சூப்பர்வைசரை "அக்கா" என்றார்கள். அவர் இவரைவிட இரண்டு வயது இளையவர். இவரை "வா, போ" என்கிறார்கள், இல்லையென்றால் ஒன்றும் சொல்லாமல் வந்து நிற்கிறார்கள். இந்த நிலைமையில் இவர் போய் அந்தப் பெண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் என்ன ஆகும்? "பதவி வந்ததும் திமிரைப் பாரு" என்பார்கள். சிரித்த முகமாய் இருந்தால் "பயந்து பல்லிளிக்குது" என்பார்கள். சிரிக்காவிட்டால் "மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கு" என்பார்கள். ஒரே செய்கை, செய்கிறவரின் சாதியைப் பொறுத்துக் கம்பீரமாகவோ திமிராகவோ படிக்கப்படுகிறது. குணத்தைத் திருத்திக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லும் பயிற்சி, நோயை நோயாளியின் தலையில் கட்டிவிட்டுப் பீஸ் வாங்கிக்கொண்டு போகிறது.

மேஸ்திரி வேறு சட்டை போட்டிருக்கிறான்

ஆட்களை நிர்வகிப்பது என்பது ஏதோ மேல்நாட்டிலிருந்து வந்த புதுக்கலை என்பதுபோல் பேசுகிறார்கள். நமக்கு அது பழைய கலை. நெல் வயலில் கங்காணி, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கங்காணி, பஞ்சாலையில் மேஸ்திரி என்று நூறு வருசத்துக்கு மேலாக நம் ஆட்களை வேலை வாங்கிய கலை அது. ஆள் பிடிப்பவன், வேலை கொடுப்பவன், லஞ்சம் வாங்குபவன், வட்டிக்கு விடுபவன், வேலையை விட்டு விரட்டுபவன் எல்லாம் ஒருவனே. 1929-ல் அமைக்கப்பட்டு 1931-ல் அறிக்கை கொடுத்த ராயல் கமிஷன் (விட்லி கமிஷன்) மேஸ்திரியின் இந்தக் கொள்ளையை விரிவாகப் பதிவு செய்து, ஆள் சேர்க்கும் அதிகாரத்தை அவனிடமிருந்து பிடுங்கி லேபர் ஆபீசரிடம் கொடுக்கச் சொன்னது. இன்று எச்.ஆர். என்று குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருக்கும் துறையின் தாத்தாக்களில் ஒருவர் அந்த லேபர் ஆபீசர்.

மேஸ்திரி போனான், சாதி போகவில்லை. பம்பாய் ஆலைகளில் நடந்ததைப் பாருங்கள். நெசவுப் பிரிவில்தான் கூலி அதிகம். அங்கே நாடாவில் நூல் கோர்க்க வாயால் உறிஞ்ச வேண்டும். தீண்டப்படாதவரின் எச்சில் பட்ட நூலைத் தொட்டால் தீட்டு என்று சொல்லி, சாதி இந்துத் தொழிலாளர்கள் நம் ஆட்களை அந்தப் பிரிவுக்குள் விடவில்லை. தடுத்தது முதலாளி மட்டுமல்ல, பக்கத்தில் நின்ற 'தோழர்' தடுத்தார். 1928 வேலைநிறுத்தத்தின்போது இந்தத் தடையை நீக்குவதையும் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி அம்பேத்கர் வற்புறுத்தினார். சங்கத் தலைவர்கள் வேண்டா வெறுப்பாகச் சேர்த்தார்கள். முதலாளிகள் என்ன சொன்னார்கள் தெரியுமா? இது அநியாயம் என்றால் அதற்குப் பொறுப்பு நாங்கள் இல்லையே என்று கையை விரித்தார்கள். அந்தப் பேச்சில் அவர்கள் சொன்ன உண்மை அது ஒன்றுதான்.

இதையெல்லாம் பார்த்த அனுபவத்தில்தான் 1938 பிப்ரவரியில் மன்மாட்டில் கூடிய தலித் ரயில்வே தொழிலாளர் மாநாட்டில், தொழிலாளிக்கு எதிரிகள் இரண்டு, பார்ப்பனியம் ஒன்று, முதலாளித்துவம் ஒன்று என்று அவர் சொன்னார். சங்கம் வைப்பவர்கள் இரண்டில் ஒன்றை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊர் உதாரணமும் இருக்கிறது. 1921-ல் சென்னை பின்னி ஆலைகளில் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்தபோது ஆதிதிராவிடத் தொழிலாளர் ஒருபக்கம், மற்றவர்கள் ஒருபக்கம் என்று பிளந்து, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. நிர்வாகம் பிளந்தது என்பது உண்மை. பிளக்க வசதியாக விரிசல் ஏற்கெனவே இருந்தது என்பதும் உண்மை.

எனவே தங்கச்சியிடம் நாம் முதலில் சொல்ல வேண்டியது: அம்மா, உன் பிரிவில் நடப்பது உன் குணக்கோளாறு இல்லை. பம்பாய் நெசவுப் பிரிவின் நூல்தான் இங்கே தண்ணிக் கேனாக வந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொள்வது ஆறுதலுக்காக மட்டும் இல்லை. நோய் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் மருந்து கொடுக்க முடியாது.

பத்து வருசம் காலியாகக் கிடந்த நாற்காலி

தலைமை என்றால் என்ன என்று மதுரை மாவட்டத்துக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. அந்தப் பாடத்தை நாம் ரத்தம் கொடுத்துப் படித்தவர்கள்.

1996-ல் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டலையும் வாக்குச்சாவடிக் கலவரத்தையும் தாண்டி முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம் போய்விட்டுப் பேருந்தில் திரும்பி வரும்போது அவரையும் உடன் வந்த ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளில் 1996-லிருந்து பத்து வருசம் நாற்காலி நாற்காலியாக இருக்க விடப்படவில்லை. வேட்புமனு போட ஆள் வரவிடாமல் தடுத்தார்கள். மீறித் தேர்தல் நடந்தால், ஊர் நிறுத்திய ஆள் ஜெயித்த கையோடு ராஜினாமா செய்வார். 2006 அக்டோபரில்தான் அங்கே ஒழுங்காகத் தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியில் உட்கார்ந்தார்கள்.

முருகேசன் சிரித்த முகமாய் இல்லாததால் கொல்லப்பட்டாரா? பாப்பாபட்டியில் மனு போட வந்தவர்களுக்குத் தன்னம்பிக்கை குறைவாக இருந்ததா? நாற்காலியில் யார் உட்காருகிறார் என்பதுதான் அங்கே பிரச்சினை.

இதையெல்லாம் நாம் மேடையில் பேசுகிறோம். வருசாவருசம் ஜூன் 30-ல் மேலவளவுக்குப் போகிறோம். ஆனால் அரிவாள் எடுக்காமல் நாற்காலியைப் பிடுங்கும் வித்தைகளைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை. தமிழ்நாட்டில் ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவர் கையெழுத்து மட்டும் போதாது, துணைத்தலைவரும் சேர்ந்து போட வேண்டும். தலைவர் பதவிக்குத்தான் இடஒதுக்கீடு. துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பார்கள். பல ஊர்களில் ஊர்த்தெருக்காரர் துணைத்தலைவராக வருவார். அவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்று பேனாவை மூடி வைத்துவிட்டால் தெருவிளக்கு எரியாது, தண்ணித் தொட்டி மோட்டார் ஓடாது. ஆறு மாதம் கழித்து ஊரே சொல்லும்: "இதுக்குத்தான் சொன்னோம், அவங்களுக்கு நிர்வாகம் தெரியாதுன்னு." கொலை செய்யாமலே ஒரு தலைமையைக் கொன்றுவிட்டார்கள்.

அலுவலகச் சாவி எழுத்தரிடம் இருக்கும். தீர்மான நோட்டு துணைத்தலைவர் வீட்டில் இருக்கும். நாற்காலி? கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பெண் தலைவரைத் தரையில் உட்காரவைத்து, மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து கூட்டம் நடத்திய படம் 2020 அக்டோபரில் நாடு முழுக்கப் பரவியது. அதே வருசம் சுதந்திர தினத்தன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலித் பெண் தலைவர் கொடியேற்ற முடியவில்லை. ஆட்சியர் தலையிட்ட பிறகு ஐந்து நாள் கழித்து ஏற்றினார். கொடியேற்றுவதில் சாதிப் பாகுபாடு காட்டக்கூடாது என்று 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளரே கடிதம் எழுத வேண்டியிருந்தது என்றால், சுதந்திரத்துக்கு 75 வருசம் கழித்தும் ஊராட்சித் தலைவர் ஒரு கயிற்றை இழுக்க அரசாணை வேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.

அந்த 1996-லிருந்து இன்றுவரை நம்முடைய இயக்கங்கள் செய்தது என்ன? தலைவர் ஜெயித்த அன்று மாலை போடப் போனோம். கொல்லப்பட்ட அன்று மலர்வளையம் வைக்கப் போனோம். மாலைக்கும் மலர்வளையத்துக்கும் நடுவில் உள்ள ஐந்து வருசத்தில், தீர்மான நோட்டு எப்படி எழுதுவது, எழுத்தர் சாவி தராவிட்டால் யாருக்கு எந்தப் பிரிவில் மனுக் கொடுப்பது, துணைத்தலைவர் கையெழுத்து மறுத்தால் அந்த மறுப்பை எப்படி எழுத்தில் வாங்குவது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க எத்தனை பேர் போனோம்? அந்த வேலையில் மைக் இல்லை, பேனர் இல்லை. அதனால் நமக்கு அது போராட்டமாகத் தெரியவில்லை.

இறங்கு என்று சொல்பவன்

இதுவரை நாம் தலைமைக்கு வருவதைத் தடுப்பவர்களைப் பற்றிப் பேசினோம். வந்த பிறகு நாம் என்ன செய்கிறோம் என்பதையும் பேசியாக வேண்டும். இல்லையென்றால் இந்தக் கட்டுரை பாதி உண்மையோடு நின்றுவிடும்.

2022 ஏப்ரலில் மதுரை பழங்காநத்தம் நேரு நகரில் கழிவுநீர் உந்துநிலையத்தில் மோட்டார் பழுதுபார்க்கும் வேலைக்குப் போன மூன்று ஒப்பந்தத் தொழிலாளர்கள் விஷவாயு தாக்கிச் செத்தார்கள். பாதாளச் சாக்கடைக்குள் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். முதல் முறைக்கு இரண்டு வருசம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். செத்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014-லும், முப்பது லட்சம் என்று 2023-லும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் இருக்கிறது, சாவும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் "இறங்கு" என்று சொல்லும் ஒரு வாய் இருக்கிறது.

அந்த வாய் எல்லா இடத்திலும் மேல்சாதி வாய் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பொறியாளர் ஒப்பந்தக்காரரிடம் சொல்வார், ஒப்பந்தக்காரர் சூப்பர்வைசரிடம் சொல்வார், சூப்பர்வைசர் குழிக்குப் பக்கத்தில் நின்று சொல்வார். கடைசிப் படியில் நிற்பவர் பல இடங்களில் நம்ம ஆள்தான். வேண்டுமென்றே அங்கே நம்ம ஆளைப் போட்டிருப்பார்கள். நம்ம ஆள் சொன்னால்தானே நம்ம ஆள் இறங்குவான்! "மாமா, அஞ்சு நிமிசம், இறங்கிட்டு வந்துருங்க" என்று முறை சொல்லிக் கூப்பிடுவதும் அந்த வாய்தான். ஊர்க்காரன் மறுத்த முறையை இங்கே நிர்வாகம் கருவியாக எடுத்துக்கொள்கிறது. மேஸ்திரி வேலைக்கு நம்மையே வைத்திருக்கிறார்கள் என்பது நமக்குக் கிடைத்த பதவி உயர்வு ஆகாது.

அங்கே நிற்கும் நம் ஆளுக்கு ஒரே ஒரு தலைமைப் பண்புதான் தேவை. "மிஷின் வராம ஆள் இறங்காது. இறக்கணும்னா எழுதிக் குடுங்க" என்று சொல்லும் வாய். எழுதிக் கொடுக்கச் சொன்னதும் பாதி அதிகாரிகள் பின்வாங்கிவிடுவார்கள். தெரிந்தே சட்டவிரோதமான உத்தரவில் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். ஆனால் அப்படிச் சொன்ன சூப்பர்வைசருக்கு மறுநாள் வேலை போகும். அப்போது பின்னால் நிற்க ஒரு சங்கம் இருந்தால்தான் அந்த வாய் திறக்கும். வீரம் என்று நாம் சொல்வதில் பாதி, பின்னால் ஆள் இருக்கிறது என்ற நிச்சயம்தான்.

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்னால் தூய்மைப் பணியாளர்கள், அதிலும் பெரும்பான்மைப் பெண்கள், தனியார்மயத்தை எதிர்த்து 13 நாள் உட்கார்ந்தார்கள். நள்ளிரவில் போலீசை வைத்து அப்புறப்படுத்தினார்கள். அந்தப் பெண்களில் யாரும் லீடர்ஷிப் வகுப்புக்குப் போனவர்கள் கிடையாது. ஆனால் மைக் நீட்டியபோது தங்கள் சம்பளம் எவ்வளவு, குறையப்போவது எவ்வளவு, எந்த மண்டலத்தை யாருக்குக் கொடுக்கிறார்கள் என்று தாங்களே பேசினார்கள். பேச ஆள் வைத்துக்கொள்ளாத கூட்டத்தைக் கலைக்கலாம், ஏமாற்றுவது கஷ்டம்.

நம் வீட்டுக் கூடத்தில்

அடுத்து, நம்முடைய இயக்கங்களுக்கு வருவோம். தோழர்கள் கோபித்துக்கொள்ளக்கூடாது.

நமது கூட்டத்தில் மேடையில் யார், பாய் விரிப்பவர் யார்? "அண்ணன்" வருவார் என்று மூன்று மணி நேரம் காத்திருக்கும் கூட்டத்தில் குழந்தையோடு நிற்கும் பெண்ணுக்கு உட்கார இடம் யார் கொடுக்கிறார்கள்? டீ போடுவது ஏன் எப்போதும் தோழியர் வேலையாக இருக்கிறது? ராத்திரி முழுக்கப் போஸ்டர் ஒட்டிவிட்டு வரும் மாணவன் செயற்குழுவில் பேச ஏன் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது? கணக்கு கேட்பவரை "துரோகி" என்கிறோம். நோட்டில் எழுதாத தீர்மானத்தை மறுநாள் அண்ணன் மாற்றிச் சொன்னால் "அண்ணன் சொன்னா சரி" என்கிறோம். பண்ணையார் இல்லாத இடத்தில் ஒரு பண்ணையாரை நாமே செய்து வைத்துக்கொள்கிறோம்.

1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் பேசினார். அரசியலில் பக்தி என்பது சீரழிவுக்கும் கடைசியில் சர்வாதிகாரத்துக்கும் வழி என்று எச்சரித்தார். அதே பேச்சில் இன்னொன்றும் சொன்னார், அதை நாம் அதிகம் கவனிக்கவில்லை. பௌத்த சங்கங்களில் யார் எங்கே உட்காருவது என்பதற்கு விதி இருந்தது, தீர்மானம் கொண்டுவர விதி இருந்தது, குறைந்தபட்ச வருகைக்கும் வாக்கெண்ணுவதற்கும் விதி இருந்தது என்று எடுத்துக்காட்டினார். உட்காரும் இடத்துக்கு ஏன் விதி? விதி இல்லாத இடத்தில் வழக்கம் வந்து உட்கார்ந்துகொள்ளும். இந்த நாட்டில் வழக்கம் என்றால் சாதி, ஆண் என்ற இரண்டுதான். பலமில்லாதவனுக்குப் பாதுகாப்பு எழுதிவைத்த விதியில்தான் இருக்கிறது. விதியைப் புத்தகப் பூச்சித்தனம் என்று கேலி செய்வது வலியவன் பேசும் பேச்சு. அதை நம் தோழர்கள் பேசக்கூடாது.

இதையும் சொல்லிவிடுகிறேன். "தலைமைத் திறன் என்பதெல்லாம் என்.ஜி.ஓ. வியாபாரம்" என்று ஒதுக்குகிற தோழர்களுக்குக் கோபம் சரி, முடிவு தப்பு. நாலு பேர் சண்டை போட்டால் தீர்த்துவைப்பது, சோர்ந்தவனைத் தூக்கிவிடுவது, தப்பு செய்தவனை எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தாமல் திருத்துவது, தன் தப்பை ஒத்துக்கொள்வது, வேலையைப் பிரித்துக் கொடுப்பது எல்லாம் திறமைதான், கற்க வேண்டியதுதான். நம் பெரியாத்தாக்கள் நாற்று நடவில் முப்பது பேரை வைத்துக்கொண்டு இதைச் செய்திருக்கிறார்கள். யார் கைப்பிள்ளைக்காரி, யாருக்கு இடுப்பு வலி என்று பார்த்து வரிசையில் இடம் மாற்றி நிறுத்துவார்கள். கூலியைக் கூட்டிக் கேட்க வேண்டுமென்றால் எல்லோரும் கரையேறிய பிறகுதான் கேட்பார்கள். அதற்குச் சான்றிதழ் கிடையாது என்பதால் அது திறமை இல்லை என்று ஆகிவிடாது. அந்த அறிவைச் சேகரிப்பதை விட்டுவிட்டு நாம் ஏன் அமெரிக்கப் புத்தகத்துக்கும் அண்ணன் வாய்க்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறோம்?

திங்கட்கிழமை காலை எட்டரை மணி

அந்தத் தங்கச்சிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வட்டம் கூடிச் சில விஷயங்களைச் சொன்னது. வேலை இடத்தில் சிறு அதிகாரத்துக்கு வரும் நம் பிள்ளைகளுக்கும், ஊராட்சி, கூட்டுறவு, கல்லூரி விடுதி என்று எங்கே உட்காருபவர்களுக்கும் பயன்படும் என்பதால் அவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, வேலையை வாயால் சொல்லாதே, எழுதிப் போடு. யாருக்கு என்ன வேலை என்று காலையில் போர்டில் எழுதிக் கீழே கையெழுத்துப் போடு. "இன்னொருத்தர் சொன்னாத்தான் செய்வேன்" என்பவர் அப்போது உன்னை மறுக்கவில்லை, எழுத்தை மறுக்கிறார். எழுத்தை மறுத்தால் அதற்குச் சாட்சி இருக்கும்.

இரண்டாவது, ஒரு நோட்டு வை. தேதி, நேரம், என்ன நடந்தது, யார் பக்கத்தில் இருந்தார்கள். அழுது புலம்பி எழுதாதே, நடந்ததை மட்டும் எழுது. நம் மக்களின் அவமானம் கண்ணீராக ஓடிப்போய்விடுகிறது. காகிதத்தில் நின்றால்தான் வழக்கு.

மூன்றாவது, சட்டம் தெரிந்திரு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-ல் வந்தது. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, தலித் ஊராட்சித் தலைவரையோ உறுப்பினரையோ கடமை செய்யவிடாமல் மிரட்டித் தடுப்பதே தனிக் குற்றம். பொதுப் பார்வையில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவதும் குற்றம். மாவட்ட விழிப்புக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது கூட வேண்டும் என்று விதி இருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் கடைசியாக எப்போது கூடியது என்று கேளுங்கள். கேட்பதே ஒரு போராட்டம்.

நான்காவது, எல்லோரையும் எதிரியாக்காதே. இருபத்திரண்டு பேரில் கேனைத் தொடாதவர் இரண்டு பேர். அவர்களுக்குப் பயந்து பேசாமல் இருப்பவர் பத்து பேர் இருப்பார்கள். மீதிப் பேர் உன்னைப்போலவே சம்பளத்துக்கும் லீவுக்கும் அல்லாடுபவர்கள். அவர்களுடைய ஓவர்டைம் கணக்கைச் சரியாக எழுதிக் கொடு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஒருமணி நேரம் முன்னால் அனுப்பு. நியாயமாக நடந்துகொள்பவருக்கு ஆள் சேரும். நல்ல பேர் வாங்க இதைச் செய்யாதே, உன் பங்குக்கு நியாயம் செய்வதற்காகச் செய். அப்படியும் திருந்தாத இரண்டு பேரைப் புன்னகையால் திருத்த வேண்டிய கடமை உனக்குக் கிடையாது. தண்ணி எல்லோருக்கும் ஒரே கேனில்தான் என்பது நிர்வாகத்தின் விதியாக வர வேண்டும், அதை எழுத்தில் கேள்.

ஐந்தாவது, மேஸ்திரி ஆகாதே. உன் தெருப் பிள்ளையைக் கடைசிப் படியில் நிறுத்தி வதைக்க உன்னைப் பயன்படுத்துவார்கள். அந்த உத்தரவு வரும் நாளில் முதலில் எங்களுக்குப் போன் போடு.

இந்தக் கடைசி வார்த்தைதான் முக்கியம். முதல் நாலும் தனி ஆளுக்குச் சொன்னவை. தனி ஆளாக நின்றால் நாலும் உடையும். அந்தத் தங்கச்சி எழுதிக் கொடுத்தார். நிர்வாகம் அவரைக் கூப்பிட்டு, "ஏம்மா பிரச்சினை பண்றே?" என்றுதான் முதலில் கேட்டது. அன்றைக்கு ஷிப்ட் முடிந்து அவர் வெளியே வந்தபோது கேட்டில் எங்கள் வட்டத்திலிருந்து ஆறு பேர் நின்றோம். கோஷம் போடவில்லை, கொடி பிடிக்கவில்லை. சும்மா நின்றோம், சேர்ந்து டீ குடித்தோம், சேர்ந்து பஸ் ஏறினோம். அவர் பிரிவில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள் அதைப் பார்த்தார்கள். மறுவாரம் அதில் ஒருவர் எங்கள் அறைக்கு வந்தார். அவர் நம் சாதி இல்லை. லீவு பிரச்சினை ஒன்றைப் பேச வந்திருந்தார்.

கேன் இன்னும் இரண்டாகத்தான் இருக்கிறது. நிர்வாகம் பதில் எழுதவில்லை. நாங்கள் இரண்டாவது கடிதம் கொடுத்திருக்கிறோம்.

மாணவத் தோழர்களே, உங்கள் தெருவில், உங்கள் ஊராட்சியில், உங்கள் அக்கா வேலை பார்க்கும் இடத்தில் நம்மில் ஒருவர் புதிதாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அவருக்கு மாலை வேண்டாம். தீர்மான நோட்டைப் படிக்கத் தெரிந்த ஒருவர், சட்டப் பிரிவைத் தேடி எடுக்கத் தெரிந்த ஒருவர், கேட்டில் வந்து நிற்க ஆறு பேர். இவ்வளவுதான் வேண்டும். வரும் உள்ளாட்சித் தேர்தல்களில் மறுபடியும் ஒதுக்கீட்டு நாற்காலிகள் வரும். ஜெயித்த மறுநாள் அந்த அலுவலகச் சாவி யார் கையில் இருக்கிறது என்று பார்க்கப் போகிறவர் யார்? இப்போதே பெயர் எழுதுங்கள்.